புதன்கிழமை இறைப்பு யாருக்கு?

யாழ்ப்பாணத்தில் எங்கள் தோட்டக் காணியைத் தலைமுறை தலைமுறையாகத் தன் குடும்பமே பயிரிட்டதாக, முன்பின் தெரியாத ஒருவர் வழக்குப் போட்டார். எங்கள் காணி உறுதிப் பத்திரம் போரில் எரிந்துவிட்டது. ஹம்பேர்க்கிலிருந்து காணொளியில் அக்கா சாட்சி சொன்னார்; நான் பக்கத்தில் இருந்தேன்.

"அந்தத் தோட்டத்துக் கிணறு அயல் வீடுகளுக்கும் பொதுவான பங்குக் கிணறு, ஐயா. திங்கள் வடக்கு வீட்டுக்காரர் தண்ணி இறைப்பினம், செவ்வாய் நாங்கள். அப்புவின்ரை காலத்திலையிருந்து அதுதான் முறை."

"கதை வேண்டாம். எழுத்து இருக்கோ?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சிரித்தார். எனக்குக் கொதித்தது.

அக்கா அசையவில்லை. "அப்ப வழக்குப் போட்டவரிட்டைக் கேளுங்கோ, ஐயா. புதன் இறைப்பு ஆருக்கு?"

நீதிபதி கேட்டார். தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டவர் தன் வழக்கறிஞரைப் பார்த்து விழித்தார்.

முடிந்ததும் அந்த வழக்கறிஞரை வாய் ஓயாமல் திட்டினேன். அக்கா கணினியை மூடினார்.

"அவரை ஏன் பேசிறாய்? போன கிழமை நீயும் என்னட்டை 'எழுத்து இருக்கோ' எண்டுதானே கேட்டனீ?"

கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். வழக்கறிஞருக்காவது அது தொழில்.