மாமா வாங்கிய பிளாஷ்

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு, கேமரா வாங்கிய நாளிலிருந்து ஒரே அவப்பெயர்தான். அவர் எடுக்கும் படங்களில் எல்லோருக்கும் கண் சிவந்திருக்கும். சீவலப்பேரி வீட்டில் சித்தியின் குழந்தைக்குப் பெயர் வைத்த அன்றும் அப்படித்தான். சித்தப்பா கள் குடித்தவர் போலிருந்தார். அம்மா யாரையோ அடிக்கப் போகிறவள் போலிருந்தாள். பாப்பாவுக்கு மட்டும் ஒரு கண் சிவப்பு, ஒரு கண் வெள்ளை. வீடே சிரித்தது.

அவமானம் தாங்காமல் தனியாக ஒரு பிளாஷ் வாங்குவதென்று மாமா முடிவெடுத்தார். திருநெல்வேலிக்கு டவுன் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கார அண்ணாச்சி இரண்டு பிளாஷ்களை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, முன்னால் மட்டுமே பார்க்கும். மற்றது சிறியது, ஆனால் கழுத்தைத் திருப்பும். மாமாவின் கை பெரியதை நோக்கிப் போனது.

"அது வேண்டாம் வே," என்றார் அண்ணாச்சி. "நேரா மூஞ்சில அடிச்சா பேயறைஞ்ச மாதிரில்லா இருப்பாவ. இதை வாங்கி மேல சீலிங்கைப் பாத்துத் திருப்பும். வெளிச்சம் அங்கன தட்டி பைய இறங்கும். கண்ணும் செவக்காது."

என்னையே நிறுத்தி எடுத்துக் காட்டினார். திரையில் என் கண்கள் கன்னங்கரேலென்று இருந்தன. நான் அழகி என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

மாலையில் வீட்டில் மறுபடியும் படமெடுப்பு. சுண்ணாம்பு அடித்த மேல்தளத்தில் பட்ட வெளிச்சம் எல்லோர் மேலும் மெதுவாக இறங்கியது. ஒருவருக்கும் கண் சிவக்கவில்லை. பாப்பாவுக்கும் இரண்டு கண்ணும் கறுப்பு. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

சித்தி மட்டும் கேமராவைக் கீழே வைக்காமல், பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு எல்லாருக்கும் ரெண்டு கண்ணும்லா செவந்திருக்கு. இவளுக்கு ஏன் ஒண்ணு மட்டும் வெள்ளையா இருக்கு?"

"அது பழைய பிளாஷ் கோளாறு பிள்ள. அதான் வேற வாங்கியாச்சுல்லா."

"கோளாறுன்னா அது இவ கண்ணை மட்டும் தேடிப் போயி உக்காருமா? இதைக் கழத்திட்டு பழையபடி எடுண்ணே."

மாமா புது பிளாஷைக் கழற்றிவிட்டு, கேமராவிலேயே இருந்த சின்ன பிளாஷால் எடுத்தார். வெள்ளை. பாப்பாவை இடம் மாற்றிப் படுக்க வைத்து எடுத்தார். அதே இடது கண், அதே வெள்ளை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காலையில் எல்லோரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு மாமா அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் புற்றுக்கட்டியாக இருக்குமோ என்று டாக்டர் பயந்தாராம். வெகுநேரம் கழித்து சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"புரைதானாம். வேற ஒண்ணும் இல்லையாம். சீக்கிரமே கொண்டாந்துட்டியன்னு சொல்லுதாரு. ஆபரேஷன் செஞ்சா பார்வை தேறிருமாம்."

அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாமா கேமராவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வயதானவர்களுக்கு வரும் புரை குழந்தைக்கு வந்ததற்கு ஒரு குடும்பமே இவ்வளவு சந்தோஷப்பட்டதை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை. அந்தப் பாப்பா இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறாள்.

ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும், பாப்பாவின் குட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பழைய பிளாஷில் ஒரு படம் எடுக்கச் சொன்னாள் சித்தி. இரண்டு கண்ணும் குன்றிமணி போலச் செக்கச்செவேலென்று வந்தன. சித்தி சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றாள். திரையையே பார்த்திருந்த மாமாவின் கண்ணிலும் நீர் வழிந்தது.

இத்தனை செலவழித்தும் படம் பாழாகிவிட்டதே என்றுதான் அவர் அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அலமாரியிலிருந்து புது பிளாஷை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, "அழாதிய மாமா, இதுல எடுத்தா சரியாயிரும்" என்றேன்.