கடலை எண்ணெய் தடவிய பெஞ்சு

என் வாயால் ஒரு நல்ல ஆசாரிக்கு வேலை போன கதை இது. வெளியில் போடத் தேக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சம் உபயோகப்படும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

1. கவிழ்த்துப் பாருங்கள்

செஞ்சி கடைத்தெருவில் ஒரு மரச்சாமான் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பாலிஷ் போடும் பெண்ணாகச் சேர்ந்தேன். இப்போது விற்பனை என் பொறுப்பு. தோட்டத்துக்குத் தேக்கு நாற்காலி, பெஞ்சு என்று கேட்டு வருகிறவர்களிடம், மேலே பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள் என்பேன். அடிப்பக்கம் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள், மரத்தின் உண்மையான நிறம் தெரிந்துவிடும். தண்டின் நடுப்பகுதியை வைரம் என்போம். தேன் நிறத்தில் இருக்கும். அதற்குள்ளேயே எண்ணெய் உண்டு, மழைக்கும் கரையானுக்கும் லேசில் மசியாது. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதிக்குப் பெயர் வெள்ளை. அதை வெளியில் போட்டால் இரண்டு மழைக்காலம் தாங்குவது கஷ்டம்.

எங்கள் கடையிலேயே முன்பு ஒரு ஆசாரி வெள்ளையில் சாயம் பூசி ஊஞ்சல் செய்துவிட்டார். அது பனமலைப் பக்கம் ஒரு வீட்டில் ஆளோடு சேர்ந்து விழுந்தது. அந்த ஆசாரியை நிறுத்தியாயிற்று. ஆனால் அன்றிலிருந்து முதலாளிக்கு எல்லா ஆசாரிகள் மேலும் ஒரு சந்தேகம். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2. போனில் சொன்ன பதில்

தொண்டூரைச் சேர்ந்த தனசேகர் மேல்மலையனூர் ரோட்டில் ஒரு தங்கும் விடுதி கட்டினார். பரம்பரை விவசாயக் குடும்பம். அமாவாசைக்குக் கோயிலுக்கு வருகிற கூட்டம் உட்கார, முற்றத்தில் போட ஆறு தேக்கு பெஞ்சு கேட்டார். ஏழுமலை அண்ணன் செய்து கொடுத்தார். எங்கள் கடையின் மூத்த ஆசாரி அவர். பேச்சு குறைவு. ஒரு மூட்டு லேசாக ஆடினாலும் முழுக் காலையும் கழற்றிவிட்டு மறுபடி செய்கிற ஆள். வைரத்தைத் தவிர ஒரு துண்டு வெள்ளையைத் தொடவில்லை. ஸ்க்ரூ எல்லாம் பித்தளை. வார்னிஷ் வெயிலில் உரியும் என்று பூசாமலே அனுப்பினார்.

நாலு மாதம் கழித்து, மழைக்கு முன்னால், தனசேகர் போன் செய்தார். பெஞ்செல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டார். வெயிலில் கிடந்தால் தேக்கு நரைக்கத்தான் செய்யும். அது மேல்தோலோடு சரி, மரத்துக்கு ஒரு கேடும் கிடையாது. ஏழுமலை அண்ணனைக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார். பத்தடி தூரத்தில் இழைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் கேட்கவில்லை. இத்தனை வருட சர்வீஸில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்ற மிதப்பு. எண்ணெய் தடவுங்கள், சரியாகிவிடும் என்றேன்.

"இன்னா எண்ணெ?" என்று கேட்டார்.

"வூட்ல இருக்கிற கடலெண்ணெதான் சார். தாராளமா தடவுங்க."

எங்கள் பக்கம் மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற பூமி. பொங்கலுக்கு முன்னால் வாசக்கதவுக்கும் நிலைக்கும் வண்டிக்கும் செக்கு எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவுவோம். தனசேகர் வீட்டிலும் அதே வழக்கம். அதனால் அவரும் மறுகேள்வி கேட்கவில்லை. கதவு நனையாது, முற்றத்துப் பெஞ்சு நனையும் என்கிற சின்ன விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

3. திரும்பி வந்தது

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒரு காலை, குட்டி யானை வண்டியில் ஒரு பெஞ்சு வந்து கடை வாசலில் இறங்கியது. கூடவே தனசேகர். பெஞ்சு கரிச்சட்டி மாதிரி கறுத்திருந்தது. தொட்டால் பிசுபிசுப்பு, சந்தெல்லாம் எறும்பு. கோயிலுக்கு வந்த ஒரு அம்மாவின் புது மஞ்சள் புடவை பாழாகி, அவர் எல்லார் எதிரிலும் தனசேகரைக் கேட்ட கேள்வியில் மனிதர் கூசிப்போயிருந்தார். ஆசாரி வெள்ளையைத் தலையில் கட்டிவிட்டார், மரம் மக்கிவிட்டது என்று அடித்துச் சொன்னார். எண்ணெய் தடவியதைச் சொல்லவே இல்லை. மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். கதவுக்கும் வண்டிக்கும் காலங்காலமாகச் செய்வது தப்பாக இருக்கும் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார்?

முதலாளிக்கு ஊஞ்சல் ஞாபகம் வந்துவிட்டது. ஏழுமலை அண்ணன் குனிந்து பெஞ்சை முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து, மரம் நல்ல மரம் என்று மட்டும் சொன்னார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. அண்ணன் இழைப்புளியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு போனால் செஞ்சியில் வேறு எந்தக் கடையும் அவரைச் சேர்க்காது.

மழையில் ஊறிக் கெட்ட எண்ணெயின் சிக்கு வாடை எனக்கும் அடித்தது. அந்த எண்ணெயில் பூசணம் பிடித்துத்தான் பெஞ்சு கறுத்திருந்தது. எல்லாம் புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் அந்தப் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போய் வேலை பார்த்தேன்.

மூன்றாம் நாள் முடியவில்லை. கடை இழைப்புளியை எடுத்து உட்காரும் பலகையில் நாலு இழுப்பு இழுத்தேன். அடியில் தேன் நிறத்தில் மரம் அப்படியே இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டி, போனில் நான் சொன்னதைச் சொன்னேன். அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உட்டுடும்மா. கடைக்காரங்களே தப்பா சொல்லிக் குடுத்தாங்கன்னா நாளைக்கு எவன் வருவான்? ஏழுமலைய ஒரு மாசம் கழிச்சிக் கூப்டுக்கலாம்."

"ஒரு மாசத்துல ஊரே அவரத் திருடன்னு சொல்லிடும் முதலாளி" என்றேன். அவர் எதிரிலேயே தனசேகருக்குப் போன் போட்டேன். என் வேலையும் போகும் என்று நினைத்துத்தான் போட்டேன்.

தனசேகருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கதவுக்கும் அதைத்தானே தடவுகிறோம் என்றார். கதவு நனையாது சார் என்றேன். பிறகு, ஆசாரியைப் பற்றி நாலு இடத்தில் சொல்லிவிட்டதாகவும், அங்கெல்லாம் தானே போய்த் திருத்திச் சொல்வதாகவும் சொன்னார். சொன்னபடி செய்தார். முதலாளி என்னை முறைத்துவிட்டு, போய் அவனைக் கூட்டி வா என்றார்.

4. ஏழுமலை அண்ணன் வீட்டில்

நான் போனபோது ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அரத்தை நிறுத்தாமலே பேசினார்.

"மோந்து பார்த்தப்பவே எண்ணென்னு தெரிஞ்சிபோச்சு. தடவச் சொன்னது நீதான்னு உன் மூஞ்சியில தெரிஞ்சிபோச்சு."

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"நான் சொன்னா தப்பிக்கச் சொல்றான்னு ஆயிடும். நீ சொன்னாதாம்மா நம்புவாங்க. அதான் பார்த்துக்கினு இருந்தேன்."

"இன்னிக்கும் நான் வரலன்னா?"

"ரம்பத்த எடுத்துக்கினு பாண்டிக்குப் போயிருப்பேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

ஆறு பெஞ்சையும் அவரும் நானும் சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் வைத்து, இழை போகும் திசையில் தேய்த்துக் கழுவினோம். நிழலில் காயவிட்டு உப்புத்தாள் போட்டார். வேறொன்றும் பூசவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும் என்று தனசேகரிடம் சொன்னார். பெஞ்செல்லாம் இப்போது நரைத்து, உறுதியாக நிற்கின்றன.

இன்றைக்கும் யாராவது போனில் மரத்தைப் பற்றி ஏதாவது கேட்டால், கொஞ்சம் லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டு, பத்தடி நடந்து போய் ஏழுமலை அண்ணனைக் கேட்டு வருகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பதிலாக இருந்தாலும் கேட்டுத்தான் வருகிறேன்.