பன்றிக்கு ஒரு கமிட்டி

போன ஞாயிறு மதியம் மச்சான் ஏழுமலை வீட்டில் சாப்பாடு. செஞ்சியில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர். மேல்மலையனூர் அமாவாசையா, கட்சிக் கூட்டமா, காதுகுத்தா... இவர் பாக்ஸ்தான். காதுகுத்தில் ஆசாரி குழந்தைக்கு மட்டும் குத்துவார். மச்சான் ஊருக்கே குத்துவார்!

இருபத்தைந்து வருஷமாக அந்தப் பாக்ஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் காது என்னத்துக்கு ஆகும்? ஆனால், எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எது சொன்னாலும் "இன்னா?" என்பார். எங்கள் ஊரில் காது நன்றாகக் கேட்கிறவனும் அதைத்தானே சொல்கிறான்!

மச்சான் மகள் பானு லீவுக்கு வந்திருந்தாள். வெளியூரில் ஆராய்ச்சி செய்கிறாள். எதை வைத்து என்று கேட்டால் மச்சான் பேச்சை மாற்றிவிடுவார். பன்றியை வைத்து! பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதாம்.

பானுவே விளக்கினாள். எலியின் உள்காது ரொம்பச் சின்னது. பன்றியுடையது கிட்டத்தட்ட நம் அளவு. அதனால் மனிதனுக்குக் காது ஏன் மந்தமாகிறது என்பதை அதில் பார்க்கிறார்களாம். ஆனால் இஷ்டத்துக்குச் சத்தம் வைக்க முடியாது. எவ்வளவு சத்தம், எத்தனை நிமிஷம், என்ன மயக்க மருந்து — எல்லாம் எழுதிக் கொடுத்து, கமிட்டியில் பர்மிஷன் வாங்கணுமாம்.

எனக்குப் புரையேறிவிட்டது. பஜாரில் ஒரு கடை திறந்தாலே கைக்குழந்தைக்குத் தூக்கிப்போடுகிற மாதிரி பாக்ஸ் வைக்கிறோமே, எந்தக் கமிட்டி கேட்டது? மயக்க மருந்தாவது கொடுத்தோமா?

மச்சான் நிம்மதியாக ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நைனா, ஒரு தபா காது டெஸ்ட் எடுத்துக்க."

"இன்னா?"

மறுபடி சொன்னாள். மறுபடி "இன்னா?" மூன்றாவது முறை துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். மச்சான் "இன்னா" கூடச் சொல்லவில்லை. அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் உதட்டைப் பார்த்தேதான் சமாளித்திருக்கிறார். பானு பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள். எனக்கும் வெட்கமாகப் போயிற்று. வாராவாரம் உலகத்தையே கவனிப்பதாகப் பத்தி எழுதுகிறேன்...

புதன்கிழமை இழுத்துக்கொண்டு போய் டெஸ்ட் எடுத்தோம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், மெஷின் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், பானு அதைத் தாளில் எழுதிக் காட்டினாள். மச்சான் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் காதோரம் குனிந்தார்.

"பன்னியா பொறந்திருந்தா எப்பவோ டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, இல்ல மச்சான்?"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ரகசியமாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.