பதினான்கு வருடம் நடந்து வந்தவன்

என் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் குண்டுபோடும் விமானத்தில் நேவிகேட்டராக இருந்தான். விமானத்தை ஓட்டுவது வேறொருவர். வரைபடம், பென்சில், அளவுகோல், கடிகாரம், காற்றின் வேகம் இவற்றை வைத்துக்கொண்டு இப்போது எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று சொல்வது அண்ணனின் வேலை. விடுப்பில் வந்தபோது புத்தூர் வீட்டுத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினான். அவன் தங்கை எனக்கு அப்போது எட்டு வயது. பின்னால் நான் பாலிடெக்னிக்கில் படித்து, பொன்மலை ரயில்வே பட்டறையில் இயந்திரப் படம் வரையும் வேலைக்குப் போனதற்கு அந்தக் கோடுகள் காரணமில்லை. கணக்கு வந்தது, போனேன்.

பர்மாவிலிருந்து அவன் திரும்பவில்லை. முதல் தந்தி காணவில்லை என்றது. இரண்டாவது, இறந்துவிட்டான் என்றது. விமானம் எரிந்து விழுந்ததைப் பக்கத்து விமானத்தில் இருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். அப்பா நம்பினார், சீக்கிரமே அவரும் போய்விட்டார். அம்மா நம்பவில்லை.

"ஓட்டறவன் செத்திருப்பான். என் புள்ள வழி பாக்கறவன். அவன் எப்படித் தொலைவான்? நடந்தே வந்துருவான்."

அதனால் பதினெட்டு வயது அண்ணி தாலியோடு இருந்தாள். பூவும் பொட்டும் அம்மாவின் கட்டளை. மற்றவர்கள் இதை ஏற்கவில்லை. வளைகாப்பு வீடுகளில் குங்குமச் சிமிழ் அண்ணியின் முன்னால் வரும்போது மட்டும், கொடுப்பவளுக்கு வேறு ஏதோ வேலை நினைவுக்கு வரும்.

அண்ணி கேட்டது ஒன்றுதான்: ஆசிரியப் பயிற்சி. அதில் விதவைகளுக்குத் தனி இடம் உண்டு.

"கழுத்துல தாலிய வச்சுக்கிட்டு விதவைன்னு எழுதிக் குடுப்பியா? அவன் வந்து நின்னா என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?" என்றாள் அம்மா.

"வந்துட்டா அன்னிக்கே வேலைய விட்டுடறேன் அத்தை."

அம்மா பல நாள் அவளோடு பேசவில்லை. பேச்சு அத்தோடு முடிந்தது. வருடங்கள் போயின.

எனக்கு வரன் வந்தது. மன்னார்புரத்துக்காரர்கள். மாப்பிள்ளையின் அத்தை காபியைக் குடித்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்: "உங்க பையன் இருக்காரா, இல்லையா? இருந்தா தங்கச்சி கையில பொரி போட வரணும். இல்லேன்னா மருமக கழுத்துல என்னங்க தொங்குது? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பதினான்கு வருடமாக நடந்து வந்துகொண்டிருந்தவன், நாங்கள் காபி டம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள் இறந்துபோனான்.

அடுத்த அமாவாசையில், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் சித்தப்பா மகன் காரியம் செய்தான். உடல் இல்லாததால் தர்ப்பையில் ஓர் உருவம் செய்து எரித்தார்கள். அண்ணியிடமிருந்து வாங்கப்பட்டவை: தாலி, மெட்டி, வளையல், பூ, பொட்டு. அம்மா அழுதாள். பொய் அழுகை இல்லை. எனக்கு இன்றும் ஆத்திரம் தருவது அதுதான்.

துக்கம் கேட்க மாப்பிள்ளையின் அத்தை வந்தாள். "துக்கம் நடந்த வீடு. ஒரு வருஷம் நல்ல காரியம் கூடாதே. எங்க பையனுக்கும் வயசாகுது, நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

"அண்ணன் போயி பதினாலு வருஷமாச்சுங்க," என்றேன்.

"காரியம் இப்பத்தானேம்மா பண்ணீங்க?"

இதை எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அடுப்படியில் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த வெகு நேரமாயிற்று.

மறுவாரம் நான் லீவு போட்டு அண்ணியைப் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"வீட்டுக்காரர் எப்பம்மா தவறினாரு?"

"சண்டையிலங்க. பர்மாவுல."

அவர் அண்ணியின் வயதைக் கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பவே வந்திருக்கணும்மா. இப்ப வயசு தாண்டிப்போச்சே. இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"மாமியாருக்குச் சமைச்சுப் போட்டேங்க," என்றாள் அண்ணி.