வைக்கோல் நெஞ்சோடு ஒரு வாய்மொழித் தேர்வு

பேன்ஷ் ஊரின் கார்னிவல் திருவிழாவில் ஜீல் என்னும் ஆட்ட வேடம் கட்டியவனுக்கு இரண்டு விதிகள். மேளம் இல்லாமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. வேடத்தோடு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இதை யாரும் எழுதிச் சுவரில் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் யாராவது மீறிப் பார்த்திருப்பார்கள்.

திபோவுக்கு இருபத்திரண்டு வயது. நான்கு வயதிலிருந்து, ஆண்டுக்கொருமுறை வரும் கார்னிவல் செவ்வாய்க்கிழமைதோறும் ஜீல் கட்டுகிறான். மற்ற நாட்களில் மோன்ஸ் நகரத்தில் பொறியியல் படிக்கிறான். மண் பொறியியலில் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் தோற்றால் படிப்புக்கு முழுக்கு. அந்த மூன்றாவது முறைக்குப் பேராசிரியை ரெனார் குறித்துக் கொடுத்த நேரம், கார்னிவல் செவ்வாய், காலை ஒன்பது மணி.

அம்மையார் மலைப்பக்கத்துக்காரர்; கார்னிவலின் அருமை அவருக்குத் தெரியாது. தேதியை மாற்றித் தரும்படி திபோ பணிவாக எழுதினான். "கார்னிவல் ஒரு நோய் அல்ல" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நோய்தான் என்று சான்றிதழ் கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் தயாராக இருந்தார்கள், ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. மறுபடி எழுதிக் கெஞ்சியதில், வீடியோ வழியாகத் தேர்வு வைக்க ஒப்புக்கொண்டார். முகம் தெரிய வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

திபோவின் அம்மா ஜோஸியான் ஒரு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். அப்பா, மகனுக்கு ஒன்பது வயதாகும்போது குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். இரண்டு தெரு தள்ளி. பேன்ஷ்காரர் என்பதால் அதற்கு மேல் போக முடியவில்லை. அதன் பிறகு மகனுக்கு வேடம் கட்டிவிடும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

"ஒரு செவ்வாக்கெழம வேஷம் கட்டாட்டி உசுரா போயிடும்?" என்று அவள் முந்தின நாள் கேட்டாள்.

"போயிடும்மா."

மறுநாள் அவளே அதிகாலை நாலரைக்கு எழுந்து காப்பி போட்டாள்.

வைக்கோல் அடைப்பவர் ஐந்து மணிக்கு வந்தார். சட்டைக்குள் முன்னும் பின்னும் வைக்கோல் புரிகளை வைத்துத் திணித்து, திபோவை நெஞ்சிலும் முதுகிலும் திமில் உள்ளவனாக்கினார். இடுப்பில் வெண்கல மணிகள் கோத்த பட்டையைக் கட்டினார். ஜோஸியான் வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி பாடப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"களிமண் ஏன் அமுங்குது? சொல்லு."

"தெரியும்மா."

"தெரியும்னா சொல்லு. போன தடவையும் தெரியும்னுதான் சொன்ன."

வைக்கோல் அடைப்பவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இன்னொரு பிடி திணித்தார்.

ஒன்பது மணிக்கு அவர்கள் குழு, நாற்பது ஜீல்கள், ஸ்டேஷன் தெருவில் ஒரு காப்பிக்கடை வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. திபோ கடையின் பின்கட்டுக்குப் போய், பீர் பெட்டிகள் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்தான். மேளக்காரர் சால்வோ கூடவே வந்தார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. மேளம் இல்லாமலும் இருக்கக் கூடாது. இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். கடைசியில் சால்வோ கதவுக்கு வெளியே நின்று, ஒரு சாண் திறப்பு வழியாக மெல்ல அடித்தார்.

"அது என்ன சத்தம்?" என்று திரையில் ரெனார் கேட்டார்.

"மேளம், மேடம்."

"நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்தினா நான் நகர முடியாது, மேடம்."

"நீங்க நகர வேண்டாம். பதில் சொன்னா போதும்." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உக்காருங்க."

"உக்காரவும் முடியாது. வைக்கோல்."

ரெனார் காகிதத்தில் ஏதோ குறித்தார். "இன்னொரு சத்தமும் கேக்குதே. மணி மாதிரி."

"அது நான்தான், மேடம். பயத்துல உடம்பு ஆடுது."

"சரி. களிமண் மேல கட்டடம் கட்டறோம். அது வருஷக்கணக்கா அமுங்கிக்கிட்டே இருக்கு. ஏன்?"

இரண்டு முறையும் அவனைக் கவிழ்த்த அதே கேள்வி. சூத்திரம் முழுவதும் மறந்துபோனது. மணிகள் மட்டும் விடாமல் பேசின. திபோ குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். காலையில் மோவாய்வரை நின்ற வைக்கோல் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

"மேடம், இந்த வைக்கோல் காலைல இங்க இருந்துச்சு," என்று மோவாயைத் தொட்டுக் காட்டினான். "மொத அரைமணி நேரத்துல நிறைய எறங்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. உள்ள இருக்கிற காத்து வெளிய போகுது. களிமண்ல காத்துக்குப் பதிலா தண்ணி. அது வெளிய போற வழி ரொம்பக் குறுகல். தண்ணி போகப் போகத்தான் பாரம் மண்ணு மேல எறங்கும். அதான் வருஷக்கணக்காகுது."

"அடுக்கு ரெண்டு மடங்கு தடிமனா இருந்தா?"

"நாலு மடங்கு நேரம்."

மணிச்சத்தம் நின்றிருந்தது. அவனே அதை அப்போதுதான் கவனித்தான். ரெனார் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டார். இரண்டுக்குப் பதில் சொன்னான்.

"இருபதுக்குப் பன்னெண்டு. பாஸ்," என்றார். பிறகு, "எனக்காக ஒண்ணு சொல்லுங்க. இங்கேருந்து உங்க ஊர் பதினாறு கிலோமீட்டர். ஏன் வரல?"

"வேஷம் கட்டினவன் ஊரை விட்டுப் போறதில்ல, மேடம்."

"யார் சொன்னது?"

திபோ கதவிடுக்கைப் பார்த்தான். "யாரும் சொல்லல தம்பி. போனதில்ல, அவ்வளவுதான்," என்றார் சால்வோ, அடியை விடாமல்.

"இன்ஜினியராகியும் ஊரை விட்டுப் போகலன்னா, உங்க ஊர்ல எத்தனை பாலம் கட்டப் போறாங்க?" என்று கேட்டார் ரெனார். அவன் கணக்குப் போடுவதற்குள் திரை அணைந்தது.

வெளியே, மேளக்காரர் இல்லாததால், மற்ற முப்பத்தொன்பது பேரும் நின்ற இடத்திலேயே மரச்செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோஸியான் குண்டூசிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ்," என்றான்.

அவள் அவன் வைக்கோலில் முகத்தைப் புதைத்து அழுதாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. திபோ அவளைச் சிரிக்கவைக்க நினைத்து, அந்தப் பாலக் கேள்வியைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"அந்தம்மா சரியாத்தான் கேட்டிருக்காங்க. படிப்ப முடிச்சிட்டு வெளிய போயிடு. ரோட்டர்டாமோ எங்கயோ, பெரிய வேலையா பாரு. அங்க வேலை இருந்தா கார்னிவலுக்கு வராத."

பேன்ஷில் ஒரு தாய் மகனிடம் இப்படிச் சொன்னதை யாரும் கேட்டதில்லை. அருகில் நின்ற இரண்டு ஜீல்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"உனக்கு இது உசுருன்னு நெனச்சேன்மா."

"எனக்கா? எனக்கு விடியக்காலைல எந்திரிக்கவே புடிக்காது."

பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள். அவளுக்குப் பிடித்தது என்ன என்று ஒரு நாளும் அவன் கேட்டதில்லை.

"எனக்காகவா எந்திரிச்ச?"

"வேற யாருக்கு? நீ போனா ஒரு வருஷமாவது தூங்குவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் நெஞ்சில் கலைந்திருந்த வைக்கோலை உள்ளே தள்ளி ஊசி குத்தினாள்.

"போறேன்மா," என்றான் திபோ.

"எங்க தம்பி?" என்று சால்வோ கேட்டார். மேளம் அடிக்க வேண்டிய திசை தெரிய வேண்டும் அல்லவா.

"இப்ப இல்ல, படிப்பு முடிஞ்சதும் ஊருக்கு வெளிய. அங்க நீங்க வர முடியாது அண்ணே," என்றான்.