உத்தரத்தில் ஒட்டிய உறுதிமொழி

மாமனார் ஏணி கம்பெனியை மருமகள் கையில் ஒப்படைத்தபோது சொந்த மகன் முகம் சுண்டிப்போனது. கிழவர் அசையவில்லை. "அவனுக்கு வாய் இருக்கு, விக்கட்டும். உனக்குப் பயம் இருக்கு, நீ நடத்தும்மா" என்றார். முக்காலி மேல் நின்றாலே தலை சுற்றும் பெண்ணுக்கு ஏணி கம்பெனி. ஊரே வாய்விட்டுச் சிரித்தது.

தலைமைக்கு வருபவர் எடுக்க வேண்டிய உறுதிமொழியை அந்த மனுஷர் சுவரில் மாட்டவில்லை. பட்டறை உத்தரத்தில், எறும்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: 'நான் ஏறாத ஏணியில் இன்னொருவரை ஏற்ற மாட்டேன்.' சரக்கு வெளியேறும் ஒவ்வொரு முறையும் தொழிலாளிகள் கைக்கு வந்த ஓர் ஏணியைச் சாத்துவார்கள். மேனேஜரம்மா உச்சிவரை ஏறி, உறுதிமொழியை உரக்க வாசித்த பிறகுதான் கையெழுத்து. கால் வெடவெடக்கும். ரிவெட் அடிக்கும் அண்ணன் கீழிருந்து வேண்டுமென்றே, "கேக்கலம்மா" என்பார். அவள் மறுபடி கத்துவாள். பட்டறையே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். என்ன நாட்கள் அவை.

பதினோராம் வருடம் ஒருநாள் முட்டி வீங்கிக் கிடந்தது. பாதிச் சரக்கை எடுக்கும் வியாபாரியின் லாரி வாசலில் ஹாரன் அடித்தது. வரிதான் மனப்பாடம் ஆயிற்றே. தரையில் நின்றபடியே ஒப்பித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். யாரும் "கேக்கலம்மா" என்று சொல்லவில்லை. ரிவெட் அண்ணன் தலையைக் குனிந்து சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதியம் சோற்றுத் தட்டைப் பாதியில் நகர்த்திவைத்தாள். போன் போட்டு, பாதி வழியில் லாரியைத் திருப்பச் சொன்னாள்.

"ஒரு தடவதானே. முட்டி வலின்னா யாரு என்ன சொல்லப்போறா?" என்றார் கணவர்.

"முட்டி வலிக்கு விலக்குன்னு மாமா எழுதலையே."

ஒன்றில் ஏறினால் போதும் என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மறுநாள் வரை, திரும்பி வந்த அறுபது ஏணிகளிலும் ஏறினாள். ஏறியதற்கெல்லாம் அடியில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தாள். ஒன்றிலும் குறை இல்லை. வியாபாரி கோபித்துக்கொண்டு வேறிடம் பார்த்துக்கொண்டார். அந்த அறுபதையும் கணவர் ஒவ்வொன்றாகச் சில்லறையில் விற்றார். பத்து நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கணவர் காலமாகி, கம்பெனியும் கைமாறி, பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. போன மாதம் வீட்டு மின்விசிறியைப் பழுது பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தார், தோளில் ஓர் ஏணியோடு. அதன் அடியில் மங்கிய பச்சைப் புள்ளி.

அவள் எழுந்து போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கம்மா. எங்கப்பா காலத்து ஏணி, ஆடவே ஆடாது."

அவள் விடவில்லை. அவர் ஏற ஏற, அவளை அறியாமலே வாய் அந்த வரியை முணுமுணுத்தது. மேலிருந்து அவர் குனிந்து பார்த்தார்.

"என்ன சொன்னீங்க? கேக்கலம்மா."

அந்தச் சொல்லைக் கேட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. கண் நிறைந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே கேட்கும்படி மறுபடி சொன்னாள்.