வேரில் ஒட்டிய மண்

பாக்சைட் வெட்டி முடித்துக் கைவிட்ட மேட்டில் மூன்று வருஷம் செடி வளர்த்தேன். காலேஜிலிருந்து வரும் மேடம் கொடுத்த வேலை. உலோகக் கசடு ஏறிச் செத்த மண் அது. மழை பெய்தாலும் ஒரு புழு எட்டிப் பார்க்காது. கொளுஞ்சியும் சணப்பையும் ஊன்றினால் வேரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடிவரும், அவை பெருகினால் மண் பிழைக்கும் என்பார் அவர். "ஆளில்லாத ஊட்டுல அடுப்பு மூட்டற மாதிரிங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசி மண் சோதனை முடிந்தால் எனக்கு விடுதலை. வீட்டுக்காரருக்கு மூச்சிளைப்பு, மலைக்குளிர் ஆகவில்லை. சேலத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்தது. அதைப் பார்க்கத்தான் இரண்டு நாள் கீழே இறங்கினேன். வேலிச் சாவியை நங்கையாவிடம், அதாவது வீட்டுக்காரரின் அக்காவிடம், கொடுத்துப் போனேன்.

திரும்பி வந்தால் மேடு மொட்டை. கழுவிக் கவிழ்த்த தட்டம் போல.

நங்கையாவும் எஸ்டேட் பெண்கள் நாலு பேரும் வேலியோரம் பெருமையாக நின்றிருந்தார்கள். "எப்படி அம்மிணி? ஊரை உட்டுப் போறவ நல்ல பேரோட போகோணுமில்ல? நாளைக்கு மேடம் வர்றாங்க, நீ ஒரே களையா வச்சிருந்தே, சோம்பேறி!"

காப்பித் தோட்டத்தில் வேலை படித்த கைகள். வேரோடு பிடுங்கி, மண் வீணாகக் கூடாதென்று தட்டி உதிர்த்து, கட்டுக்கட்டாக வெயிலில் போட்டிருந்தார்கள். மேடத்துக்கு வேண்டியது வேரில் ஒட்டிய அந்த மண்தான்.

சொன்னேன். ஒருத்தி, "காட்டெருமை பூந்துருச்சுன்னு சொல்லிப்போடுங்கக்கா" என்றாள்.

"எந்த எருமைடி வேரைத் தட்டிக் கட்டுக் கட்டி வச்சுட்டுப் போவுது?" என்றாள் நங்கையா. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அடிக்கிற கையைத் தட்டிவிடலாம். எண்ணெய் தேய்த்துவிடுகிற கையை என்ன செய்வது?

மறுநாள் மேடம் காய்ந்த வேர் ஒன்றை எடுத்து விரலால் தடவினார். "யார் பிடுங்கினது? எழுதியாகணும். அவங்களை இனி இங்க வேலைக்குச் சேர்க்க மாட்டாங்க."

எஸ்டேட்டில் வேலை இல்லாத மாதங்களில் அந்தப் பெண்களுக்கு இந்த மேட்டில் கல் பொறுக்கி வேலி கட்டுகிற கூலிதான். நங்கையா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க புடுங்கச் சொன்னேன்."

"நீங்களா? வேர் மண்ணைப் பத்தி எனக்கே பாடம் எடுப்பீங்களே!"

"புத்தி பெசகிப்போச்சுங்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் பேனாவை மூடினார். "அப்ப நீங்களே மறுபடி நட்டு வளர்த்துக் கொடுங்க. வேற ஆளுக்கு இந்த மண்ணு பிடிபடாது."

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. செத்த மண்ணில் உயிர் ஏற எத்தனை மழை வேண்டும் என்பது எனக்கே தெரியும்.

சாயங்காலம் மகளுக்குப் போன் செய்து, அப்பாவை மட்டும் வந்து கூட்டிப் போகச் சொன்னேன். "நீ வரலியாம்மா?" என்றாள். நங்கையா பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"இங்க வேலை நொம்பக் கெடக்குது கண்ணு" என்றேன்.